பசலை: நிறமா, நிறமிழப்பா?

சங்க அகப்பாடல்களுக்கு அண்மைக் காலத்தில் வெளிவந்துள்ள எளிய உரைகளிலும், தேர்வுக்கென எழுதப்படும் வினாவிடை நூல்களிலும், ஆய்வேடுகளின் பின்னிணைப்பாக அமையும் சொல்லடைவுகளிலும் பசலை என்னும் சொல்லுக்குக் காணப்படும் பொருள் பெரும்பாலும் ஒன்றே: பிரிவுத் துயரால் மேனி வெளிறுதல். மாணவர் இதனை மனப்பாடம் செய்கின்றனர். ஆசிரியர் மதிப்பெண் இடுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் வெளிறலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தயக்கமின்றி இடுகின்றனர். இவ்வுரை பிழையானது என்பதும், அப்பிழை ஒரு சொல்லளவில் நின்றுவிடாமல் அகப்பாடல்கள் காட்டும் பெண்ணின் உடலையே மாற்றி வரைந்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இதனை எழுதத் தூண்டியது ஒரு வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டின் ஓர் இயல் முழுவதும் பசலை என்பது இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் இரத்தசோகையே என்று நிறுவ முயன்றிருந்தது. தலைவி உண்ணவில்லை, உறங்கவில்லை, ஆகவே குருதி குறைந்தது, ஆகவே வெளிறினாள் என்பது வாதம். அவையில் இருந்தோர் இதனை ‘அறிவியல் நோக்கு’ என்று பாராட்டினர். சங்கப் புலவர்கள் எந்த நிறத்தைக் கண்டு அச்சொல்லை ஆண்டனர் என்னும் எளிய வினாவை எவரும் எழுப்பவில்லை. அவையில் அமர்ந்திருந்த நானும் எழுப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு திரும்பிய பின்னரே நூல்களை எடுத்துப் பார்த்தேன்.

எடுத்த முதல் நூல் தொல்காப்பியம். சொல்லதிகாரத்து உரியியலில் பசப்பு என்னும் உரிச்சொல் நிறத்தை உணர்த்தும் என்று ஆசிரியர் தெளிவாகவே வரையறுக்கிறார். உரையாசிரியர்கள் அந்நூற்பாவிற்குத் தரும் எடுத்துக்காட்டும் ஒளி பொருந்திய முகத்தில் பசப்பு ஊர்வதைச் சொல்வது. இங்குக் கவனிக்கத்தக்கது, தொல்காப்பியர் நிறம் என்றாரேயன்றி நிறக்கேடு என்றோ நிறமிழப்பு என்றோ கூறவில்லை என்பது. அதே உரியியலில் கறுப்பு, சிவப்பு ஆகிய இரண்டும் வெகுளியை உணர்த்தும். நிறத்தை உணர்த்தவும் உரியன என்று அவர் கூறுகிறார். நிறச்சொல் மனநிலையைக் குறிக்கும் நெறியை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது இதனால் விளங்கும். சினம் வந்தவன் முகம் சிவந்தது என்றால் அவன் முகத்தில் ஒரு நிறம் ஏறியது என்று பொருள் கொள்கிறோம். பசந்தது என்றால் மட்டும் நிறம் இறங்கியது என்று ஏன் பொருள் கொள்ள வேண்டும்?

பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் பசலை பாய்தல் என்பது தலைவியின் மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. உண்டியிற் குறைதலும் உடம்பு நனி சுருங்கலும் கண்துயில் மறுத்தலும் அங்கேயே தனித்தனியாக எண்ணப்படுகின்றன. பசலை என்பது உணவுக் குறைவின் விளைவேயாயின் காரணத்தையும் காரியத்தையும் இணையாக வைத்து எண்ண வேண்டியதில்லை. மேலும், பாய்தல் என்னும் வினையைக் காண்க. நீர் பாயும், ஒளி பாயும். இல்லாத ஒன்று பாய்வதில்லை. அகப்பாடல்களில் பசலைக்கு அமையும் வினைகளைத் தொகுத்துப் பார்த்தால் இவ்வுண்மை மேலும் உறுதிப்படும். பசலை ஊர்கிறது, பரக்கிறது, பாய்கிறது, உண்கிறது. வள்ளுவரிடம் அது தலைவியின் மேனிமேல் ஏறி அமர்கிறது. தலைவன் தழுவல் எப்போது நெகிழும் என்று, விளக்கு அணைவதற்குக் காத்திருக்கும் இருளைப் போலக் காத்திருக்கிறது. ‘வெளிறல்’ என்னும் சொல்லை இவ்வினைகளுக்கு எழுவாயாக இட்டுப் பார்த்தால் தொடர் நிற்காது.

இனி, எந்த நிறம்? இவ்வினாவிற்கு விடை சொல்லவும் புலவர்கள் நம்மை அலையவிடவில்லை. நற்றிணை 197ஆம் பாடலில் தலைவியின் நெற்றியில் ஊர்ந்த பசப்பிற்குப் பீர்க்கம்பூ உவமை. குறுந்தொகை 98ஆம் பாடலில் உவமை என்னும் பெயரும் இல்லாமல் அதே பூ வருகிறது. தலைவி தோழியிடம் கூறுகிறாள்: நம் தோட்டத்துப் புதரில் மழைக்காலத்துப் பீர்க்கு செழித்துப் பூத்திருக்கிறது, அதன் பூக்களில் சிலவற்றை எடுத்துச்சென்று, அவள் இப்படி ஆகிவிட்டாள் என்று அவரிடம் சொல்வார் இருந்தால் நன்றாயிருக்கும். தன் நெற்றியின் நிறத்தைச் சொற்களால் விளக்க அவள் முயலவில்லை. பூவை அனுப்பினால் போதும். பார்த்தவுடன் அவனுக்குப் புரியும். பீர்க்கம்பூ மஞ்சள் நிறமுடையது, மாலையில் மலர்வது. வேலியில் பீர்க்கு படர்ந்த வீட்டில் வளர்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பசலை வெளிறலாக இருந்திருப்பின் அத்தலைவி அனுப்பக் கருதியிருக்க வேண்டியது முல்லைப்பூவை. முல்லைக்குத் தட்டுப்பாடுள்ள இலக்கியம் அன்று நம்முடையது.

பசலையைப் பொன்னோடு ஒப்பிடும் இடங்களும் அகப்பாடல்களில் பலவாக உள்ளன. பொன், பீர்க்கம்பூ ஆகிய இரண்டு உவமைகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இவற்றிற்குப் பின்னும் வெளிறல் என்று எழுதுவோர், பாடலைப் பார்த்து எழுதவில்லை. முன்னெழுதிய உரையைப் பார்த்து எழுதுகின்றனர் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

வெளிறல் கட்சியினர்க்கு நேரெதிராக, பசலை என்பது பச்சை நிறமே என்று வாதிடுவோரும் உளர். இவர்கள் பற்றுக்கோடு பரணர் பாடிய குறுந்தொகை 399. ஊரார் நீருண்ணும் கேணித்துறையில் திரண்ட பாசியைப் போன்றது பசலை என்கிறது அப்பாடல். பாசி பச்சையாயிற்றே, ஆகவே பசலையும் பச்சை என்பது இவர்தம் முடிபு. உவமவியலைத் திறந்து பார்த்திருந்தால் இம்முடிபிற்கு வந்திருக்க மாட்டார்கள். உவமம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழித் தோன்றும் என்பது தொல்காப்பியம். பீர்க்கம்பூ நிறம் பற்றி வந்த உருவுவமம். பாசி வினையுவமம். இதனை நாம் ஊகித்து அறிய வேண்டியதும் இல்லை. ஒப்புமை இன்னது என்பதைப் பாடலே காரணமாகச் சொல்லி முடிகிறது. காதலர் தொடுந்தோறும் நீங்கி, விடுந்தோறும் மீண்டும் பரவுவதால் அது பாசி போன்றது. குடத்தை நீரில் அமிழ்த்தும்போது பாசி விலகுவதையும், குடத்தை எடுத்தவுடன் அது மெல்லக் கூடி மூடிக்கொள்வதையும் கண்ட கண் இது. நிறத்தைப் பற்றி அப்பாடல் ஒரு சொல்லும் கூறவில்லை. பாதம் தாமரை போன்றது என்றால் பாதத்திற்குத் தண்டு உண்டு என்று கொள்வார் உண்டா?

ஆயினும் பச்சை என்போரிடம் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அவர்கள் சொல்லின் அடியை நோக்குகின்றனர். பசலை, பசப்பு, பசத்தல், இவற்றின் திரிபாகிய பயலை, பயப்பு ஆகிய அனைத்தும் பசு அல்லது பை என்னும் அடியிலிருந்து கிளைத்தவை என்பதில் ஐயமில்லை. பச்சை, பசுமை, பாசி, பயிர் ஏறிய பசும்புல் எல்லாம் அக்குடும்பமே. பிழை, பசு என்னும் அடிக்கு இன்றைய பச்சை நிறம் ஒன்றே பொருள் என்று கொள்வதில் உள்ளது. பசும்பொன் என்கிறோம், பச்சைநிறப் பொன்னை எவரும் கண்டதில்லை. பைந்தொடி என்பது பொன்வளையல். குறுந்தொகை 129 எட்டாம் நாள் திங்களைப் பசுவெண் திங்கள் என்கிறது. பச்சையான வெண்ணிலா என்று அதற்கு உரை எழுத எவர்க்கும் துணிவு வராது. பேச்சுவழக்கில் பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, மகப்பேற்றுக்குப் பிந்திய பச்சை உடம்பு என்கிறோம். இவற்றுள் எதுவும் பச்சையாக இல்லை. புதுமை, இளமை, பக்குவப்படாமை, ஈரம் உலராமை என்னும் பொருட்பரப்பில் இவ்வடி இயங்குகிறது. நிறத்தைக் குறிக்குமிடத்துத் தளிரின் பசுமையிலிருந்து பொன்னின் மஞ்சள்வரை அதன் எல்லை நீள்கிறது.

தமிழகத்திற்கு வெளியே தமிழ் கற்பிப்போர்க்கு இதில் ஒரு வசதி உண்டு. எங்கள் வகுப்புகளில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் அமர்ந்திருப்பர். பசலை மஞ்சள் நிறம் என்றவுடன் தமிழ் மாணவர் வியப்படைவர். தெலுங்கு மாணவர் தலையசைப்பர். தெலுங்கில் பச்ச என்பது மஞ்சளையும் குறிக்கும், பச்சையையும் குறிக்கும். வேறுபடுத்த வேண்டுமாயின் ஆகுபச்ச என்று இலையையும் பசுபுபச்ச என்று மஞ்சட்கிழங்கையும் சேர்த்துச் சொல்வர். மஞ்சளின் பெயரே அவர்களிடம் பசுபு. நாம் மஞ்சட்காமாலை என்பதை அவர்கள் பச்சகாமெர்லு என்கின்றனர். கன்னடத்தில் பழைய பசுர் ஹசுரு ஆகிப் பச்சையில் நின்றுவிட்டது. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே குடும்பமாகத் தொகுத்துள்ளது. மஞ்சள் என்பது முதலில் ஒரு கிழங்கின் பெயர். அது பரந்த நிறப்பெயராக வளர்ந்தபின் நம் மொழியில் பச்சையின் எல்லை சுருங்கியது. சுருங்கிய எல்லையை வைத்துக்கொண்டு பழைய சொல்லை அளப்பது, இன்றைய மாவட்ட எல்லையை வைத்துக்கொண்டு பாண்டிய நாட்டை அளப்பது போன்றது.

வள்ளுவரே இவ்விரு பயன்பாடுகளையும் ஒரு குறளுக்குள் வைத்திருக்கிறார். உறுப்புநலன் அழிதல் அதிகாரத்தில் 1238ஆம் குறள், தழுவிய கைகளைத் தலைவன் சற்றே தளர்த்தவும் அவள் நெற்றி பசந்தது என்கிறது. அங்கே அவளுக்கு அவர் இடும் பெயர் பைந்தொடிப் பேதை. வளையல் பசுமை, நெற்றியும் பசுமை. முன்னது பொன், பின்னது பொன்னிறம். வளையலைப் பொன் என்று உரைத்துவிட்டு, அதே அடியிற் பிறந்த அடுத்த சொல்லை வெளிறல் என்று உரைப்பதற்கு என்ன நியாயம் உண்டு?

இனி மருத்துவ விளக்கத்திற்கு வருவோம். இதனை முன்வைப்போர் ஐரோப்பிய மருத்துவ வரலாற்றில் ஒரு துணையைக் காட்டுவர். ஜோஹன்னஸ் லாங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1554இல் கன்னியர் நோய் என்று ஒன்றை விவரித்தார். பின்னர் அது பச்சை நோய் என்றும், கிரேக்கச் சொல்லால் குளோரோசிஸ் என்றும் வழங்கியது. அது இரத்தசோகையின் ஒரு வகை என்று பின்னாளில் கருதப்பட்டது. இளம்பெண், காதல், பசுநிறம் என்னும் மூன்றும் ஒத்துவரவே, பசலையும் அதுவே என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஒப்புமை கவர்ச்சியானது, அவ்வளவே. அக்கிரேக்கச் சொல்லும் நம் பசு போலவே மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட பரப்பில் இயங்குவது. சாஃபோ என்னும் கிரேக்கப் பெண்பாற்புலவர் காதலுற்ற தன் நிறத்தைப் புல்லோடு ஒப்பிட அச்சொல்லை ஆண்டபோது, பச்சை என்பதா வெளிறல் என்பதா என்று மொழிபெயர்ப்பாளர்கள் இடர்ப்பட்டனர். இரு மொழிகளும் ஒத்திருப்பது நிறச்சொல்லின் இயல்பில், நோயில் அன்று.

மருத்துவ நோக்கிலேயே இவ்வாதம் நிற்காது. இரத்தசோகை வாரக்கணக்கில் மாதக்கணக்கில் முதிர்வது. வள்ளுவர் காட்டும் பசப்போ கணத்தில் வருவது. தழுவிக் கிடந்தவள் சற்றே புரண்டாள். அந்த அளவில் அள்ளிக்கொள்வது போல வந்தது என்கிறது 1187. தலைவன் இன்னும் கண்ணுக்கு எட்டும் தொலைவில் சென்றுகொண்டிருக்கிறான், அதற்குள் மேனியில் பசப்பு ஊர்கிறது என்கிறது 1185. தழுவலின் இடையே குளிர்காற்றுப் புகுந்ததற்கே கண்கள் பசந்தன என்கிறது 1239. எந்த இரும்புச்சத்து இவ்வளவு விரைவில் குறைந்து, தலைவன் கைபட்டவுடன் நிறைகிறது? கண்ணும் பசக்கும் என்பதை வைத்து வேறொருவர் மஞ்சட்காமாலை என்று ஆய்வேடு எழுதினால், அதற்கும் இதே அளவு சான்று இருக்கும். மற்றொன்று: கருமேனியில் குருதிக்குறைவைத் தோலின்மேல் காண்பது அரிது. ஆகவேதான் மருத்துவர் இமையைக் கீழிழுத்துப் பார்க்கின்றனர். நகத்தையும் உள்ளங்கையையும் பார்க்கின்றனர். நெற்றியில் வெளிறல் பளிச்செனத் தெரிவது வெண்தோலர்க்கே. பசலையை நெற்றியிலும் தோளிலும் கண்ட புலவர்கள் பாடிய பெண்களோ மாமை நிறத்தவர்.

உண்மையில் இவ்விவாதம் முழுவதும் இந்த மாமையில் வந்து நிற்கிறது. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27ஆம் பாடலில் தலைவியின் துயரம் இதுதான்: நல்ல பசுவின் இனிய பால் கன்றும் உண்ணாமல், கலத்திலும் சேராமல் நிலத்தில் வீணானது போல, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் மாமை அழகைப் பசலை உண்ண விரும்புகிறது. மாமை என்பது மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் சொல்லும் மரபு உண்டு. மா என்பது கருமை என்று கொண்டு கருமேனி என்பாரும் உண்டு. எதனைக் கொள்ளினும், இருண்டு செறிந்த நிறமே அழகு என்பதும், அதன்மேல் மஞ்சள் பரவுவது அழகின் அழிவு என்பதும் மாறா. நம்மாழ்வாரும் இந்நெறி அறிந்தவர். திருவாய்மொழியில் (6.6) மகளின் இழப்புகளைத் தாய் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்லுமிடத்து, இழந்தவற்றுள் ஒன்று மாமை நிறம். இழக்கப்படுவது மாமை, வந்து அமர்வது பசலை. இரண்டு நிறங்களுக்கு இடையிலான போரை ஒரு நிறத்தின் தேய்வாகச் சுருக்கியதே வெளிறல் என்னும் உரை செய்த கேடு.

வெள்ளிவீதியார் பாடலில் மூன்றாவது சொல் ஒன்றும் உள்ளது: திதலை. தேமல் என்று உரைப்பர். இதன் இணையாகிய சுணங்கும் அகப்பாடல்களில் அடிக்கடி வருவது. வேங்கைப் பூவும் பொன்னும் அதற்கு உவமையாகும். அதாவது சுணங்கும் மஞ்சள், பசலையும் மஞ்சள். முன்னது அழகு, பின்னது அழகின் கேடு. ஒரே நிறம் புள்ளியாகச் சிதறி நின்றால் போற்றப்படுகிறது, பரந்து மூடினால் அஞ்சப்படுகிறது. ஆகவே மஞ்சளைப் பழந்தமிழர் வெறுத்தனர் என்றும் கொள்ளலாகாது. கருமேனியில் அதற்குரிய இடமும் அளவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. திதலை, மாமை, பசலை ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் அப்பாடலின் நுண்மை, பசலைக்கு வெளிறல் என்று எழுதிய உரையில் முற்றும் மறைந்துபோகிறது. மாணவருக்கு அங்கே கிடைப்பது சோகை பிடித்த ஒரு பெண் மட்டுமே.

இன்று மணமகள் தேவை விளம்பரங்களில் ‘மாநிறம்’ என்பது ஏறக்குறைய ஒரு குறையை நயமாகச் சொல்லும் சொல்லாகிவிட்டது. மாமை தேய்ந்து மஞ்சளும் வெண்மையும் ஏறுவதை நோய் என்று கண்ட ஒரு மரபின் வழிவந்தோர், அம்மஞ்சளையும் வெண்மையையும் குப்பியில் வாங்கிப் பூசிக்கொண்டிருக்கிறோம். இந்த மனநிலையோடு பழம்பாடலைப் படிக்கும்போது, தலைவி முன்பு சிவந்து ஒளிவிட்டவள், பிரிவால் ஒளி குறைந்து வெளுத்தவள் என்னும் படம் தானாகவே மனத்தில் எழுகிறது. உரைகாரரின் பிழை வாசகரின் விருப்பத்தோடு ஒத்துப்போவதால்தான் அது இத்தனை காலம் கேள்வியின்றி நிலைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இப்பிழைக்கு வடமொழி மரபின் தாக்கமும் ஒரு காரணம். நாட்டிய சாத்திரம் கூறும் எட்டுச் சாத்துவிக பாவங்களுள் வைவர்ண்யம் ஒன்று. நிறம் கெடுதல் என்பது அதன் பொருள். பரிமேலழகர் பசப்பினைப் பிரிவாற்றாமையால் வரும் நிறவேறுபாடு என்று விளக்குமிடத்து இக்கருத்தின் சாயல் தென்படுகிறது. தொல்காப்பியரின் நிறம் இங்கே நிறவேறுபாடு ஆயிற்று. அவர் உரை தவறு என்று நான் கூறவில்லை. மாமை பொன்னாவதும் வேறுபாடே. ஆனால் வேறுபாடு என்றவுடன் எந்த நிறம் என்னும் வினா விலகிவிடுகிறது; விலகிய இடத்தில் பிற்காலத்தார் தத்தமக்குத் தெரிந்த நிறத்தை இட்டு நிரப்பினர். போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பில் பசப்புறு பருவரல் என்னும் அதிகாரத் தலைப்பு வெளிறிய நிறம் என்னும் பொருள்பட அமைந்தது. துயருற்றால் முகம் வெளுக்கும் மக்களிடையே பிறந்தவர் அவர். அவர்மேற் குறைகூற ஒன்றுமில்லை. தமிழர் அதனைத் திரும்ப மொழிபெயர்த்துத் தம் உரையாக வைத்துக்கொண்டதே வியப்பு.

வடமொழிக் காவியங்களில் பிரிவுற்ற பெண்ணின் நிறம் பாண்டு, அதாவது வெளிர்மஞ்சள். காளிதாசரின் மேகதூதத்தில் கோடையில் மெலிந்த சிந்து என்னும் ஆறு, கரைமரங்கள் உதிர்த்த பழுத்த இலைகளால் பாண்டு நிறம் பெற்றுப் பிரிந்த மனைவி போலத் தோன்றுகிறது. நிறத்தை மட்டும் எடுத்தால் இது பசலைக்கு மிக அண்மையில் உள்ளது. வேறுபாடு அந்நிறத்தைத் தரும் பொருளில் இருக்கிறது. காளிதாசர் காட்டுவது உலர்ந்து உதிர்ந்த இலை. நீர் வற்றிய ஆறு. தமிழ்ப்புலவர் காட்டுவது மழையில் செழித்த பீர்க்கின் புதுப்பூ. துறையில் தழைத்துப் பரவும் பாசி. அங்கே பெண் உலர்கிறாள்; இங்கே அவள்மேல் ஏதோ ஒன்று செழிக்கிறது. அச்செழிப்புக்கு உணவாவது அவள் அழகு. பசு என்னும் அடி தரும் இளமை, புதுமை ஆகிய பொருள்கள் பசலையில் கொடிய முறையில் உயிர்பெற்றுள்ளன என்று இதனைக் கொள்கிறேன். இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு ஆராய வேண்டிய நாம், இரண்டையும் வெளிறல் என்னும் ஒரே குடத்தில் ஊற்றிவிட்டோம்.

என் கருத்திற்கு எதிரான வலுவான சான்று ஒன்றையும் இங்கே வைத்துவிட வேண்டும். எதிர்க்கட்சியினர் இதுவரை அதனை எடுத்துக்காட்டாதது அவர்தம் சோம்பல். திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் தலைவி கடற்கரை நாரையை விளித்து, என்னைப் போலவே நோயும் பயலைமையும் மேலிட நீயும் திருமாலிடம் நெஞ்சைப் பறிகொடுத்தாயோ என்கிறாள். நாரை வெண்ணிறப் பறவை. உரையாசிரியர்களும் அவ்வெண்மையையே பிரிவால் வந்த நிறவேறுபாடாகக் கொண்டனர். ஆக, பயலை வெண்மையையும் தழுவும் என்பதற்கு நம்மாழ்வாரே சான்றாகிறார். இதனை நான் மறுக்கவில்லை. அப்பத்தில் தலைவி அன்றிலையும் கடலையும் வாடையையும் இருளையும் விளக்கையும் தன் நோயின் பங்காளியாகக் காண்கிறாள்; இருளுக்கும் அவளுக்கும் நிறப்பொருத்தம் தேடுவாரில்லை என்று சமாதானம் கூறலாம். எனினும் நாரையளவில் அச்சமாதானம் முழுமையாக மனம் கொள்ளவில்லை. பத்திப் பாடல்களின் காலத்தில் பசலையின் நிறவரை நெகிழத் தொடங்கிவிட்டது என்று கொள்வதே நேர்மை. சங்கப் பாடலுக்கு உரை எழுதுவோர் இந்நெகிழ்ச்சிக்கு முற்பட்ட நிலையைக் கொள்ள வேண்டும். திருவாய்மொழிக்கு உரை எழுதுவோர் பிற்பட்டதைக் கொள்ளட்டும். எல்லாக் காலத்திற்கும் ஒரே பொருளை ஒட்டுவதுதான் குற்றம்.

பசப்பு என்னும் வடிவம் பின்னர்ச் சென்ற வழி தனி. இன்றைய வழக்கில் பசப்பு என்றால் இனிக்கப் பேசி ஏய்த்தல். பசப்புக்காரி என்னும் வசை ஊர்தோறும் உண்டு. பசப்புக்காரன் என்பது அத்துணை கேட்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். 1184ஆம் குறளில் பசப்போடு கள்ளம் என்னும் சொல் வருவதைக் காட்டி, இன்றைய பொருள் வள்ளுவரிலேயே உண்டு என்பாரும் உளர். அவரையே நினைக்கிறேன், அவர் நலத்தையே பேசுகிறேன், பிறகு இப்பசப்பு வந்தது என்ன களவோ என்று தலைவி வினவும் இடம் அது. களவாக வந்தது பசப்பு என்பதற்கும், பசப்பு என்றாலே களவு என்பதற்கும் உள்ள தொலைவை இவர்கள் ஒரே எட்டில் தாண்டிவிடுகின்றனர். பசலைக்கீரையும் இக்குடும்பத்துச் சொல்லே. வகுப்பில் பசலை என்றவுடன் முதலாண்டு மாணவர் சிரிப்பது அதனால்தான். வீட்டில் அவர்கள் கேட்டது அந்த ஒன்றை மட்டுமே.

செய்ய வேண்டியது அரிதன்று. சங்கப் பாடல்களுக்கான சொல்லடைவுகளில் பசலைக்கு ‘பிரிவால் மேனியில் பரவும் பொன்மஞ்சள் நிறம்’ என்று எழுதலாம். வெளிறல் என்பதைப் பிற்காலப் பொருளாக, காலம் சுட்டித் தனியே தரலாம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மொழிபெயர்ப்போர் பசலை என்னும் சொல்லையே வைத்துக்கொண்டு முதல் வரவில் விளக்கம் தரலாம். இயலாதெனின் மஞ்சளைச் சுட்டும் சொல்லையேனும் தேர்ந்தெடுக்கலாம். வகுப்பறையில் குறுந்தொகை 98ஐக் கற்பிக்கும் நாளில் ஒரு பீர்க்கம்பூவைக் கொண்டுசென்று மேசைமேல் வைத்தால் போதும். மாலையில் மலரும் பூ என்பதால், அவ்வகுப்பைக் காலையில் வைக்காதிருப்பது நலம்.